ஜனவரி முதலாம் திகதிக் கல்யாணம்

நடுத்தர விலையில் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கமெரா வாங்குகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் பிள்ளை பிறந்ததும் வாங்கி, பிள்ளை நடக்கத் தொடங்கியதும் அலுமாரியில் வைத்துவிடுவார்கள். மற்ற வகையினர் என்னைப் போன்றவர்கள். எங்களுக்குப் படம் எடுப்பதைவிடக் கமெராவைப் பற்றிக் கதைப்பதில்தான் ருசி அதிகம். விட்டால் சாப்பாட்டுக்கு நடுவிலும் கதைப்போம்.

நான் சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறேன். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதிக்கும் வேலை. அதற்கு வெளியே எனக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. தமிழ்க் கடைகளில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இலவசமாக அடுக்கி வைத்திருக்கும் மாதப் பத்திரிகை ஒன்றில், கமெராக்களின் பலம் பலவீனம் பற்றி அரைப் பக்கம் எழுதிவந்தேன். அந்த அரைப் பக்கத்தால் எனக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல. எங்கள் வட்டாரத்தில் ‘கமெரா அங்கிள்’ என்றால் நான்தான். கமெரா வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நின்றபடியே எனக்குப் போன் எடுப்பார்கள். நான் ஒரு சொல் சொன்னால் கையில் எடுத்ததைத் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. மிகவும் பிடித்திருந்தது என்றே சொல்லிவிடலாம்.

ஒரு கமெராவை ஒரு வருடமாவது கையில் வைத்துப் பாவிக்காமல் எழுதக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு இன்டர்நெட்டில் தீர்ப்புச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஆகவே நடுத்தர விலையில் ஒரு கமெராவை வாங்கிய அன்றே ஒரு கொப்பியும் வாங்கினேன். இடப்பக்கம் பலம், வலப்பக்கம் பலவீனம்.

இடப்பக்கம் சீக்கிரம் நிறைந்தது. கைப்பிடி உள்ளங்கையில் நன்றாக உட்கார்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் பொத்தான்கள் விரலுக்கு அகப்பட்டன. ஒருமுறை பற்றரி ஏற்றினால் ஒரு முழுக் கல்யாணத்தையும் மறுநாள் விருந்தையும் தாங்கியது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்துக்குள் உலகம் உலகமாகவே தெரிந்தது, சின்னத் தொலைக்காட்சிப் பெட்டிபோலத் தெரியவில்லை. வலப்பக்கத்திலும் இல்லாமல் இல்லை. மண்டப வெளிச்சத்தில் சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்தால் நிறம் பொங்கி நெசவு தெரியாமற் போகும். ஓமப்புகை எழும்பினால் போகஸ் முன்னும் பின்னும் அலைந்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு ஐயருக்குப் பின்னால் நிற்கும் குத்துவிளக்கைப் பிடித்துக்கொள்ளும். மெமரி கார்ட் போட ஒரே ஓர் இடம்தான். படம் எடுக்கும்போது எழும்பும் சத்தத்துக்கு ஐயர் இரண்டு முறை மந்திரத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

சிவப்பைச் சோதிப்பதற்காக, கொடியில் காய்கிற மனைவியின் சேலையைக் காலையிலும் மத்தியானத்திலும் மாலையிலும் எடுத்தேன். அவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதையும் உந்தக் கொப்பியில எழுதுங்கோ,” என்றாள். “ஒரு வருசமா மனுசிய ஒரு படம் எடுக்கேல்லை, அவவின்ர சேலையைத்தான் எடுத்தனான் எண்டு.”

குளிர்காலம் வந்தது. ஆடி மாதத்தில் எங்கள் ஆட்களிடம் கல்யாணமும் இல்லை, குடிபுகுதலும் இல்லை. நான் ஒழுங்கான ஆள் ஆகையால், புத்தகத்தில் சொன்னபடி பற்றரியைக் கழற்றி வேறாக வைத்துவிட்டுக் கமெராவைத் துணியில் சுற்றி அலுமாரியில் வைத்தேன். ஆவணி வரையில் அது அங்கேயே கிடந்தது.

ஆவணியில் ஒரு கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற குடும்பத்தின் ஒரே மகளுக்கு. அவள் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். எங்கள் வீட்டுக் கதிரைகளில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்து வளர்ந்தவள். இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்காளராக இருந்தாள். அவள் தானாகவே ஒருவனை விரும்பினாள். அவனும் யாழ்ப்பாணம்தான். மாணவர் விசாவில் வந்து, ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டில் நான்கு பேரோடு நெருக்கி இருந்து படித்து முடித்திருந்தான். அவனுடைய விசா முடிய இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன.

அது ஒன்று போதும், எங்கள் ஆட்களுக்கு. கடையில், கோயில் வாசலில், கார் நிறுத்துகிற இடத்தில் எல்லாம் ஒரே கதை. விசாவுக்காகக் கட்டுகிறான், காகிதம் கையில் வந்ததும் போய்விடுவான் என்று. அவளுடைய தகப்பனே அதை அரைவாசி நம்பினார். “நான் சொல்லிப் பார்த்திட்டன், இனி அவளின்ர பாடு,” என்று என்னிடம் வேலிக்கு மேலால் சொன்னார். கல்யாணத்தைச் செய்துவைத்தார். முகத்தை மட்டும் கடைசி வரை தூக்கி வைத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்குச் சில நாட்களுக்கு முன் அவள் என்னிடம் வந்தாள். கல்யாணப் படங்களை விசா விண்ணப்பத்துடன் கொடுக்க வேண்டும் என்றாள். கட்டியது உண்மையான கல்யாணம்தான், ஊரறிய உறவறியக் கட்டியதுதான் என்று அரசாங்கத்துக்குக் காட்ட வேண்டும்.

இந்தச் சங்கதி சிட்னியில் எங்கள் ஆட்களுக்குப் பழக்கமானது. மணமக்களில் ஒருவர் விசாக்காரர் என்றால், கல்யாண மண்டபத்தில் வழமையான குடும்பப் படங்கள் எடுத்து முடிந்த பிறகு, ‘ஃபைலுக்குப் படம்’ என்று ஒரு சுற்று எடுப்போம். அந்தப் படங்களில் யாரும் சாப்பிட்ட வாயோடு நிற்கக் கூடாது. தாய் தகப்பன் கட்டாயம் நிற்க வேண்டும். அக்கம்பக்கத்து அன்ரிமார், வேலைத்தலத்து வெள்ளைக்காரச் சிநேகிதிகள் எல்லோரும் மணமக்களோடு ஒட்டி நின்று சிரிக்க வேண்டும். “கிட்ட வாங்கோ அன்ரி, இது ஃபைலுக்கு” என்றால் கோபத்தில் இருக்கிற அன்ரியும் சிரித்துவிடுவார்.

“நீங்கள் எடுத்தாத்தான் நல்லம் அங்கிள்,” என்றாள். “அப்பா வேற ஆளுக்குச் சிரிக்கமாட்டார்.”

கல்யாணத்தன்று நான் பிந்திப்போனேன். பற்றரியை முதல்நாளே ஏற்றிச் சேர்ட் பொக்கெற்றில் வைத்திருந்தேன். மண்டபத்துக்குள் நுழையும்போதே மாப்பிள்ளை வாசலுக்கு வந்துவிட்டார். எங்கள் கல்யாணங்களில் பெண்ணுக்குத் தம்பி முறையான தோழன் வாசலில் வைத்து மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், திரும்ப வராது. அவசரமாகப் பற்றரியை உள்ளே தள்ளிக் கமெராவை இயக்கினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. இன்று என்ன திகதி, நேரம் என்ன, போடு என்று கேட்டது.

நான் அதை வாசித்தேன். வாசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். வாசித்துவிட்டு, பிறகு போடலாம் என்று படம் எடுக்கும் பொத்தானை அரைவாசி அழுத்தினேன். கேள்வி மறைந்தது. தண்ணீர் ஊற்றுகிற கணத்தைச் சரியாகப் பிடித்தேன், துளிகள் தனித்தனியாகத் தெரிய. அந்தச் சந்தோஷத்தில் திகதியை மறந்தே போனேன்.

அன்று எடுத்த படங்கள் நல்ல படங்கள்தான். அவள் கூறைச்சேலை உடுத்தி வந்தபோது எடுத்த படத்தில் சிவப்பு பொங்கவில்லை. ஒரு வருடச் சோதனைக்குப் பலன் கிடைத்தது என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். தகப்பனையும் ஒரு படத்தில் சிரிக்க வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவள் படங்களை வாங்க வந்தாள். நான் சும்மா கொடுத்திருக்கலாம். கமெரா அங்கிளால் சும்மா கொடுக்க முடியுமா? அவளை இருத்தி வைத்து ஒரு பிரசங்கம் செய்தேன்.

“பிள்ளை, நான் ஒரிஜினல்தான் தாறன். ஒண்டும் வெட்டேல்லை, ஒண்டும் மாத்தேல்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எல்லாம் பதிஞ்சிருக்கும். எந்தக் கமெரா, எந்த லென்ஸ், எந்த நாள், எத்தனை மணி, எல்லாம். ஆராவது சந்தேகப்பட்டால் திறந்து பார்க்கச் சொல்லு.”

அவள் கணக்காளர் அல்லவா? கவனமாகக் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னதை அப்படியே விண்ணப்பத்தில் எழுதியும் விட்டாள். இணைத்திருப்பவை மூலப் படங்கள், கல்யாண நாளை அவற்றுக்குள் இருக்கும் விவரங்களிலிருந்து உறுதிசெய்துகொள்ளலாம் என்று.

ஏழெட்டு மாதம் சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்தபோது போன் வந்தது. அவள்தான். குரல் வழமைபோல இல்லை.

“அங்கிள், விசா ஒஃபிசர் லெட்டர் அனுப்பியிருக்கினம். உங்கட படத்தில திகதி பிழையாம்.”

“பிழை வராதே,” என்றேன்.

“படம் எல்லாம் ஜனவரி முதலாம் திகதி எண்டு இருக்குதாம். வருசமும் வேற. அவர் இந்த நாட்டுக்கு வாறதுக்கு முதல் வருசம். அப்ப அவர் யாழ்ப்பாணத்தில இருந்தவர். அவரின்ர பாஸ்போட்டில இருக்குதுதானே. இருபத்தெட்டு நாளுக்குள்ள விளக்கம் குடுக்கட்டாம்.”

நான் எழும்பிப் போய்க் கணினியைத் திறந்தேன். போன் காதில்தான் இருந்தது. அந்தக் கமெராவுக்குள் மணிக்கூட்டை ஓட வைக்க ஒரு சின்னப் பற்றரி உண்டு. பெரிய பற்றரியைக் கழற்றி கிழமைக் கணக்கில் வைத்தால் சின்னதும் செத்துவிடும், மணிக்கூடு ஆதித் திகதிக்குத் திரும்பிப் போய்விடும். எனக்கு இது தெரியாத விஷயம் அல்ல. திரையில் வரிசையாகப் பார்த்தேன். கமெரா கடைக்கு வந்த வருடம், ஜனவரி ஒன்று. நடுச்சாமம் பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு மாப்பிள்ளைக்குக் கால் கழுவியிருந்தார்கள். விடியற்காலை இரண்டு மணிக்குத் தாலி கட்டியிருந்தார்கள்.

“அங்கிள்?”

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியிருந்தது மிகச் சின்ன விஷயம். கமெரா கேட்டது, நான் திகதி போட மறந்துபோனேன். அவ்வளவுதான். என் வாய் வேறொன்றைச் சொன்னது.

“அது இந்தக் கமெராவின்ர பலவீனம் பிள்ளை. உந்த நடுத்தரக் கமெராக்களில வாறதுதான். திகதி தன்ர பாட்டில மாறிப்போகும். நான் என்ர மதிப்புரையிலயும் எழுதியிருக்கிறன்.”

“அப்பிடியே அங்கிள்?” அவள் மூச்சு விட்டது போனில் கேட்டது. “அப்ப அதைக் காட்டலாம். எந்த மாதப் பேப்பர்?”

“வாற மாதம்,” என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சோறு பிசைந்த கையை உயர்த்திப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் எழுதினனீங்களோ?”

“எழுதப்போறன்.”

“மறந்துபோனன் எண்டு அந்தப் பிள்ளையிட்டச் சொல்லுங்கோவன். என்ன வந்திடப்போகுது?”

உனக்குக் கமெராவைப் பற்றி என்ன தெரியும் என்று சத்தம் போட்டேன். அவள் எழும்பினாள். கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். 

மதிப்புரை ஏற்கனவே எழுதி முடித்து, அடுத்த கிழமை அச்சுக்குப் போக இருந்தது. அன்று பின்னேரமே அதைத் திறந்து கடைசியில் ஒரு பந்தியைச் சேர்த்தேன். ‘இந்தக் கமெராவின் ஆகப் பெரிய பலவீனம் அதன் மணிக்கூடு. எவ்வித முன்னறிவித்தலும் இன்றித் திகதி மாறிவிடுவதை நானே அனுபவத்தில் கண்டேன்’ என்று எழுதினேன். முன்னறிவித்தல் இன்றி! திரை முழுவதும் எழுதிக் காட்டிக் கேட்ட கமெரா அது. வாயில்லாப் பிராணியின் மேல் பழி போடுவது எனக்கு எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை நினைக்க இப்போதும் கூசுகிறது. ஒரு வருடம் சோதித்து எழுதிய அரைப் பக்கத்தில் அந்தப் பந்திதான் மிகவும் சரளமாக அமைந்திருந்தது.

என் வேலைத்தலத்தில் இதற்கு ஒரு படிவம் உண்டு. இரத்தக் குழாயில் நேரம் பிழையாக எழுதிவிட்டால் அந்தப் படிவத்தை எடுத்து, என்ன நடந்தது, யாரால் என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் காரியம் முடிந்தது. இத்தனை வருடத்தில் நானே ஏழெட்டுத் தடவை நிரப்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்ததே இல்லை. அங்கே என்னை யாரும் அங்கிள் என்று கூப்பிடுவதில்லை, அதனால்தானோ என்னவோ.

பத்திரிகை வெளிவந்தது. அடுத்த கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வேலையால் நேரே வந்திருந்தாள், களைத்துப்போயிருந்தாள். கையில் கடதாசிக் கோவை ஒன்று. அதற்குள் என் அரைப் பக்கம், பத்திரிகையிலிருந்து வெட்டாமல் முழுத்தாளாக இருந்தது. அதற்குப் பின்னால், அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் ஆக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை குத்தியிருந்தார். கைப்பிடி, பொத்தான், சிவப்புப் பட்டு, ஓமப்புகை, ஒன்றையும் விடவில்லை. கடைசிப் பந்தியையும் விடவில்லை. என் பொய் ஆங்கிலத்தில் என்னைவிட நேர்மையானவர் ஒருவர் எழுதியதுபோல இருந்தது.

இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்றாள். விசா முகவர் எழுதித் தந்த இரண்டு கடிதங்களைக் காட்டினாள். ஒன்று அவள் கையெழுத்து வைப்பதற்கு. மற்றது நான் வைப்பதற்குச் சத்தியக்கடதாசி. இரண்டிலும் அந்த மொடலுக்கு உரிய குறைபாடு என்று எழுதியிருந்தது.

அவள் உடனே பேனையைத் தரவில்லை. கோவையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அங்கிள், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக்கூடாது. அண்டைக்கு அவசரத்தில நீங்கள் திகதி செட் பண்ண மறந்திருப்பீங்களோ? அப்பிடியெண்டால் அதையே எழுதலாம். ஏஜென்ட் சொன்னவர், அதுவும் போதுமாம்.”

உண்மையைச் சொல்ல வாசலை அகலத் திறந்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்குச் சுர் என்று ஏறியது.

“நான் முப்பது வருசமாக் கமெரா பிடிக்கிறன். எனக்குத் திகதி போடத் தெரியாதோ? நீ பிறக்க முதல் ஃபிலிமில எடுத்தவன் நான். நம்பிக்கை இல்லையெண்டால் வேற ஆளைப் பிடிச்சிருக்கலாமே!”

அவள் முகம் சிவந்துவிட்டது. “சொறி அங்கிள்,” என்றாள். தன் கடிதத்தை என் முன்னாலேயே எடுத்தாள், ஒருமுறை வாசித்தாள், கையெழுத்து வைத்தாள். மனைவி தேத்தண்ணியோடு வந்தவள் கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

சனிக்கிழமை நான் நூல்நிலையத்துக்குப் போனேன். அங்கே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுச் சமாதான நீதவான் ஒருவர் சத்தியக்கடதாசிகளுக்கு இலவசமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அன்று இருந்தவர் என் வயதுடைய ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. எனக்கு முன்னால் நின்றவர்களின் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து முத்திரை குத்தினார். என் கடதாசியை எடுத்து, இதில் உள்ளது முழுவதும் உண்மை என்று சொல்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான். நான் ஓம் என்றேன். என் முகத்தில் என்ன கண்டாரோ, “கவலைப்படாதீர்கள், இது சும்மா வழக்கத்துக்குக் கேட்பது” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். வெளியே வந்து காருக்குள் ஏறி, திறப்பைப் போட்டுக் காரைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அப்போதும் திரும்பி உள்ளே போகலாம். போகவில்லை.

அந்தக் காத்திருப்பு எனக்கே நரகமாக இருந்தது, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கடிதம் வந்த கதை எப்படியோ வெளியே போய்விட்டது. “பாத்தீங்களே, பழைய படத்தைக் காட்டி ஏமாத்தப் பாத்திருக்கினம்,” என்று கடையில் ஒரு அன்ரி என்னிடமே சொன்னார். படத்தை எடுத்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நான் சொன்னேனா? கத்தரிக்காயைத் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். அவளுடைய தகப்பன் வேலிக்கு மேலால், “நான் அப்பவே சொன்னனான்,” என்றார். தான் பெற்ற மகளைப் பார்த்து, நீயும் சேர்ந்துதான் விசாவுக்காக இதைச் செய்தாயோ என்று கேட்டாராம். மனைவி மூலம் இது தெரியவந்தது. கமெராவின் பிழை என்று அவள் சொல்ல, “நல்லாச் சமாளிக்கிறாய்,” என்று எழும்பிப் போய்விட்டாராம்.

எட்டு மாதத்துக்குப் பிறகு விசா கிடைத்தது. என் கடதாசியால் கிடைத்ததோ, அது இல்லாமலே கிடைத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. அவர்களுடைய வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தம், மற்றவர்கள் எடுத்த போன் படங்கள் எல்லாம் ஃபைலில் இருந்தன. செய்தி வந்த அன்று மனைவி சாமிப்படத்துக்கு முன்னால் நின்று அழுதாள். நான் பத்திரிகைக்குப் போன் எடுத்து, இனி எழுதவில்லை என்றேன். நேரமில்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்தான், சின்னப் பொய்.

அவர்கள் ஹோம்புஷில் ஒரு ஃபிளாட்டுக்கு மாறியிருந்தார்கள். ஒரு ஞாயிறு எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். பழக்கதோஷத்தில் கமெராப் பையையும் தோளில் போட்டுக்கொண்டு போனேன். மனைவி பையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவன் நண்டுக்கறி வைத்திருந்தான். சாப்பாடு முடிந்ததும், அவனும் என் மனைவியும் குசினிக்குள் தேத்தண்ணி போடப் போனார்கள். நானும் அவளும் பல்கனியில் இருந்தோம். கீழே ரயில் ஒன்று சிட்டிப் பக்கம் போனது.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் வந்திருந்தேன். நானே தொடங்கினேன்.

“பிள்ளை, அந்தத் திகதி விஷயம்…”

“தெரியும் அங்கிள்,” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் ரயில் போன பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, கணக்கு ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்.

“கோவையோட உங்கட வீட்டை வந்ததுக்கு முதல்நாள் நான் சிட்டியில ஒரு கமெராக் கடைக்குப் போனனான். அதே மொடல் அங்க இருந்தது. கடைக்காரர் பற்றரி கழட்டி வைச்சிருந்த ஒண்டை எடுத்துக் காட்டினவர். போட்ட உடன அது கேக்குது, திகதியைப் போடு எண்டு. நாங்கள் அமத்தித் தள்ளினால்தான் போகும்.”

“பிறகேன் பிள்ளை அதில கையெழுத்து வைச்சனீ?”

“மூண்டு நாள்தானே இருந்தது. நான் உங்களை நேரவே கேட்டனான். நீங்கள் கோவிச்சுக் கத்தினீங்கள். வேற ஆர் எழுதித் தரப்போகினம்? நீங்கள்தானே படம் எடுத்தனீங்கள்.” கதிரையை என் பக்கம் திருப்பினாள். “நான் வேலையில ஒரு நாளும் பொய்க் கணக்கில கையெழுத்து வைச்சதில்லை அங்கிள். எங்கட கல்யாணம் உண்மை. அந்த ஃபைலில எல்லாமே உண்மை. அது ஒண்டைத் தவிர.”

 என் மானத்தைக் காப்பாற்ற ஒரு கமெராவின் மேல் பழி போட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் மேசையில் வீட்டுப்பாடம் செய்த பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறேன் என்பது என் மண்டையில் ஏறியிருக்கவில்லை. ஊர் முழுவதும் அவளைப் பொய்க்காரி என்றபோது அவள் அப்படி இல்லை. என் வீட்டுக் கதிரையில் வைத்து நான்தான் அவளை அப்படி ஆக்கினேன்.

“நான் இப்ப எழுதிக் குடுக்கிறன்,” என்றேன். “நான்தான் மறந்துபோனன் எண்டு. பேப்பரிலயும் போடுறன். விசா ஒஃபிசுக்கும் அனுப்புறன்.”

“வேண்டாம் அங்கிள்,” என்றாள் அவசரமாக. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “அதில என்ர கையெழுத்தும் இருக்குது. அவருக்கு இது தெரியாது. நீங்கள் சொல்லப் போனால் நான்தான் பொய் சொன்னவளா நிப்பன்.”

இப்போது காலம் கடந்து, அவர்களுடைய காரியங்கள் எல்லாம் ஒழுங்காகி, அவளே அவனிடம் சொல்லியும் முடிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன். எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். பேர் ஒன்றும் போடாவிட்டால் எழுதுங்கோ என்றாள். அன்று பல்கனியில் எனக்கு அந்த வழியும் இருக்கவில்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. 

அவன் தேத்தண்ணித் தட்டோடு வந்தான், சிரித்த முகமாக.

“அங்கிள், கமெரா கொண்டு வந்தனீங்கள்தானே? எங்கள் ரெண்டு பேரையும் இதில வைச்சு ஒரு படம் எடுங்கோவன். அம்மாக்கு அனுப்ப வேணும்.”

நான் பையின் பக்கம் கையை நீட்டுவதற்குள் அவள் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

“இதில எடுங்கோ அங்கிள். இதெண்டால் திகதியைத் தானே போட்டுக்கொள்ளும்.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு சாமானின் நல்ல குணத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவர்கள் கம்பியோரம் போய் நின்றார்கள். அவன் அவள் தோளில் கை போட்டான். நான் இரண்டு படம் எடுத்துப் போனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் எட்டிப் பார்த்து, நல்லா இருக்குது அங்கிள் என்றான். அவள் படத்தில் தன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் முகத்தையும் பார்க்கவில்லை. திரையின் மேல் ஓரத்தில் இருந்த திகதியைத்தான் முதலில் பார்த்தாள்.